கன்று பிள்ளையான கதை: ஓர் ஐரிஷ் சொல்லின் வரலாறு

தென்னையின் இளங்கன்றைத் தென்னம்பிள்ளை என்கிறோம். மனிதக் குழந்தையின் பெயரை மரத்தின் குழந்தைக்கும் சூட்டி மகிழ்வது நம் மொழியின் பழைய வழக்கம். பிள்ளை, குழவி, கன்று முதலிய இளமைப் பெயர்களை ஓரறிவு உயிராகிய மரம் செடிகளுக்கும் வழங்கலாம் என்று தொல்காப்பியர் மரபியலில் இடமளித்திருக்கிறார். எதிர்த்திசையிலும் இந்த உறவு நடைபெற்றிருக்கிறது. முளை என்பது விதையினின்று கிளம்புவது. ஆயினும் ‘கான்முளை’ என்றால் வழித்தோன்றல் என்று பொருள். பயிரையும் மகவையும் ஒரே கண்கொண்டு நோக்கியவர்கள் நம் முன்னோர்.

ஐரோப்பாவின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் பெருங்கடலின் அலைகள் ஓயாது மோதுகின்ற அயர்லாந்துத் தீவில் வழங்கும் ஐரிஷ் மொழியிலும் இத்தகைய சொல் ஒன்று உண்டு. ‘க்லான்’ என்பது அச்சொல். ஒரு தாயும் தந்தையும் தாம் பெற்ற மக்களைக் குறிக்க வழங்கும் சொல் அது. வீட்டின் உள்ளறையில், அடுப்பங்கரையில், தொட்டிலருகில் புழங்குவது. இவ்வளவு நெருக்கமான சொல் ஒரு மொழியின் சொந்தச் சொத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று எவரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. நாற்று, நடுவதற்குரிய இளங்கொம்பு என்று பொருள்படும் ‘ப்லாந்தா’ என்னும் இலத்தீன் சொல்லே கடல் கடந்து வந்து, உருமாறி, ஐரிஷ் மக்களின் பிள்ளைகளுக்குப் பெயராயிற்று.

ஆங்கிலத்தில் செடியைக் குறிக்கும் ‘பிளாண்ட்’ என்ற சொல்லும் அதே இலத்தீன் வேரினின்று வந்ததே. அப்படியானால் பகரத்தில் தொடங்கிய சொல், அயர்லாந்தில் மட்டும் ககரத்தில் தொடங்குவானேன்? இந்தச் சிறு வினாவுக்கு விடை தேடப் புகுந்தால் ஒரு மக்களின் ஆயிரத்தைந்நூறு ஆண்டு வரலாறு நம் முன்னே விரிகிறது.

பகரம் இல்லாத மொழி

இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் ஒரு கிளை கெல்டிக் மொழிகள். ஐரிஷ், ஸ்காட்லாந்தின் கேலிக், வேல்ஸ் நாட்டின் வெல்ஷ், பிரான்சின் வடமேற்கே வழங்கும் பிரெட்டன் ஆகியவை இக்கிளையில் இன்று பேசப்படுபவை. இக்கிளை தன் தாய்மொழியினின்று பிரிந்த மிகப் பழங்காலத்திலேயே பகர ஒலியைப் பறிகொடுத்துவிட்டது.

வடமொழியில் தந்தை ‘பிதா’, பாரசீகத்தில் ‘பிதர்’, இலத்தீனில் ‘பாதெர்’. ஐரிஷிலோ அது ‘அஹிர்’. முதலில் நின்ற பகரம் மறைந்தே போயிற்று. இலத்தீனில் மீன் ‘பிஸ்கிஸ்’; ஐரிஷில் ‘ஈஅஸ்க்’. வடமொழியின் ‘பூர்ண’ என்பதற்கும் இலத்தீனின் ‘ப்லேனுஸ்’ என்பதற்கும் உறவான ஐரிஷ் சொல் ‘லான்’. நிறைவு என்னும் பொருள் நிற்கிறது. பகரம் மட்டும் இல்லை.

வெல்ஷ் முதலிய பிரிட்டன் நாட்டுக் கெல்டிக் மொழிகள் பிற்காலத்தில் வேறொரு வழியில் பகரத்தைப் பெற்றுக்கொண்டன. பழைய ‘க்வ’ என்னும் ஒலி அவற்றில் பகரமாக மாறிற்று. ஐரிஷ் அப்படி மாற்றவில்லை. ஆகவே ஐரிஷில் தலை ‘க்யான்’, வெல்ஷில் ‘பென்’. ஐரிஷில் நான்கு ‘கஹிர்’, வெல்ஷில் ‘பெட்வர்’. பிரிட்டனில் ‘ப’ என்றால் அயர்லாந்தில் ‘க்வ’ என்னும் இணை, இருகரையிலும் போக்குவரத்துடைய மக்களின் செவியில் ஊறிக் கிடந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மேலே வருவது எளிதாகும்.

ஒரு மொழியில் பகரம் இல்லாதிருத்தல் நம் வாசகர்களுக்குப் புதுமையன்று. அறபு நெடுங்கணக்கிலும் பகரத்துக்கு எழுத்தில்லை. பாரசீகத்தில் யானையைக் குறித்த ‘பீல்’, அறபுக்கு வந்தபோது ‘ஃபீல்’ ஆயிற்று. பார்ஸ் நாடு ‘ஃபாரிஸ்’ ஆயிற்று. கிரேக்க ஞானி பிளேட்டோ ‘அஃப்லாதூன்’ ஆனார். தன்னிடம் இல்லாத ஒலியோடு விருந்தினன் ஒருவன் வரும்போது, தன் வீட்டிலுள்ள ஒலிகளுள் பொருத்தமானதைக் கொடுத்து அவனை உள்ளே அழைத்துக்கொள்வது எல்லா மொழிகளுக்கும் பொதுவான பண்பு.

வந்த வழி

உரோமப் பேரரசு பிரிட்டனை ஆண்டது, அயர்லாந்தை ஆளவில்லை. ஆயினும் வணிகராலும் அடிமைகளாலும் சமயப் பணியாளராலும் இலத்தீன் அங்கே சென்றது. கி.பி. 431இல் உரோமிலிருந்து பல்லாதியுஸ் என்பவர் அயர்லாந்தின் கிறிஸ்தவர்களுக்கு ஆயராக அனுப்பப்பட்டார். அதற்கு முன்னரே அங்குக் கிறிஸ்தவர் இருந்தனர் என்பது இதனால் விளங்கும். அதே ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த பேட்ரிக், பிரிட்டனில் பிறந்து அடிமையாகக் கொண்டுசெல்லப்பட்டவர். பின் தப்பி, சமயப் பணிக்காக அத்தீவுக்கே மீண்டவர்.

இக்காலத்து ஐரிஷ் மொழி எவ்வாறு இருந்தது என்பதைக் கல்லில் காணலாம். கல்லின் விளிம்பில் கோடுகளும் வெட்டுகளுமாகச் செதுக்கப்பட்ட ‘ஓகம்’ எழுத்துக் கல்வெட்டுகள் ஏறக்குறைய 400 கிடைத்துள்ளன. பெரும்பாலானவை இன்னார் மகன் இன்னார் என்று சொல்லும் நினைவுக் கற்கள். இருபது எழுத்துகள் கொண்ட அப்பழைய வரிசையில் பகரத்துக்கு இடமில்லை. ‘க்வ’ ஒலிக்கோ தனி எழுத்து இருந்தது.

பிரிட்டனைச் சேர்ந்த குருமார் இலத்தீன் சொற்களைப் பேச, அயர்லாந்து மக்கள் தம் செவிப்பழக்கத்தின்படி அவற்றின் பகரத்தை ‘க்வ’ என்று மாற்றிக்கொண்டனர். பின்னர், ஆறாம் நூற்றாண்டளவில், அந்த ‘க்வ’ வெறும் ககரமாகத் தேய்ந்தது. இவ்வாறு ‘ப்லாந்தா’ முதலில் ‘க்வ்லாந்தா’ எனும்படியான உருவம் பெற்று, ஈற்று உயிர் உதிர்ந்து, ‘க்லாந்த்’ ஆயிற்று. பிற்காலத்தில் ‘ந்த்’ என்ற இணைப்பும் நெகிழ்ந்து ‘ன்ன்’ ஆகி, ‘க்லான்’ பிறந்தது. நம் ‘ஒன்று’ பேச்சில் ‘ஒண்ணு’ ஆவது போன்ற நெகிழ்ச்சியே இது.

இச்சொல் தனியாக வரவில்லை. பறவையின் இறகைக் குறித்த ‘ப்லூமா’, ‘க்லூவ்’ ஆயிற்று. செந்நீல நிறத்தைக் குறித்த ‘புர்புரா’ என்பதன் இரண்டு பகரங்களும் மாறிக் ‘கொர்குர்’ ஆயிற்று. பேட்ரிக்கின் இலத்தீன் பெயராகிய ‘பத்ரீகியுஸ்’ கூடப் பழைய ஐரிஷில் ‘கொத்ரிகெ’ எனத் திரிந்தது. எபிரேய மொழியின் ‘பெசஹ்’ கிரேக்கம் இலத்தீன் வழியே ‘பாஸ்கா’வாகி, அயர்லாந்தில் ‘காஷ்க்’ ஆயிற்று. அதே சொல்லை அறபு ‘ஃபிஸ்ஹ்’ ஆக்கிக்கொண்டது. ஒரே விருந்தினன், இரு வீடுகளில் இருவகை உடை.

காலம் சென்றது. இலத்தீன் பழகப் பழக ஐரிஷ் நாவுக்குப் பகரமும் பழகிற்று. பின்னர் வந்த சொற்கள் பகரத்தோடேயே தங்கின. எழுதுகோல் ‘ப்யான்’; முத்தம் ‘போக்’; பேட்ரிக் ‘பாத்ரிக்’. ஆகவே ஒரு சொல்லின் தலையெழுத்தைப் பார்த்தே அது முதல் கப்பலில் வந்ததா, பின்னைய கப்பலில் வந்ததா என்று பல இடங்களில் கூறிவிடலாம். குழந்தையைக் குறிக்க இன்று ஐரிஷில் வழங்கும் ‘பாஷ்டெ’ என்ற சொல்லும் வந்தேறியே. பிரபுக்களின் ஏவற்சிறுவனைக் குறித்த ‘பேஜ்’ என்னும் சொல்லின் திரிபு அது. கி.பி. 1169இல் நார்மானியர் அயர்லாந்தில் இறங்கிய பின்னைய காலத்து வரவு ஆதலால் அதற்குப் பகரத்தை மாற்ற வேண்டிய தேவை ஏற்படவில்லை.

நாற்று எப்படி மகவாயிற்று? அயர்லாந்தில் மட்டும் நேர்ந்த மாற்றம் அன்று இது. வெல்ஷ் மொழியிலும் அதே இலத்தீன் சொல் ‘ப்லாண்ட்’ என்று வழங்குகிறது. அங்கும் அதன் பொருள் குழந்தைகள் என்பதே. இரு மொழிகளும் ஒரே பொருள்மாற்றத்தைக் காட்டுவதால், பிரிட்டனில் பேசப்பட்ட இலத்தீனிலேயே இக்கருத்து முளைவிட்டிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு.

ஒலி மட்டும் சான்றாகாது

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஐரிஷில் மகனைக் குறிக்கும் சொல் ‘மாக்’. மக்டொனால்டு, மக்கார்த்தி போன்ற பெயர்களின் தலையில் நிற்பது அதுவே. இதைக் கண்டவுடன் நம் ‘மக’, ‘மகன்’ என்பவற்றோடு அதை முடிச்சுப் போட நம் உள்ளம் துடிக்கும். ஆயின் ஓகம் கல்வெட்டுகளில் அச்சொல் ‘மக்க்வி’ என்று காணப்படுகிறது. வெல்ஷில் அது ‘மாப்’ என்று பகரம் ஏற்றது. நடுவில் நின்ற ஒலி வெறும் ககரமன்று, ‘க்வ’ என்பதே என்று இவ்விரண்டும் மெய்ப்பிக்கின்றன. பின்னோக்கிச் செல்லச் செல்ல மாக்கும் மகனும் விலகுகின்றனரேயன்றி நெருங்கவில்லை. இன்றைய ஒலி ஒத்திருப்பது தற்செயல்.

உறவைக் காட்டுவது முறையான ஒலிமாற்றம். ஒரு சொல்லில் நேர்ந்தது அதே சூழலுள்ள பிற சொற்களிலும் நேர்ந்திருக்க வேண்டும். ‘ப்லாந்தா’வும் ‘க்லான்’னும் தோற்றத்தில் வேறு; ஆனால் ‘ப்லூமா–க்லூவ்’, ‘புர்புரா–கொர்குர்’ என்று சாட்சிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் கைக்கொண்டதும் இத்தகைய ஒப்பீட்டு முறையையே. அவர் பிறந்த மண் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டம் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

ஐரிஷ் அறிஞர்கள் இவ்வுண்மையைப் பழங்காலத்திலேயே ஓரளவு உணர்ந்திருந்தனர். கி.பி. 908இல் மறைந்த காஷல் அரசரும் ஆயருமான கோர்மக் என்பவரின் பெயரால் வழங்கும் சொல்லகராதியில், குருவைக் குறிக்கும் ‘க்ருவ்தெர்’ என்ற சொல்லுக்கு விளக்கம் காணப்படுகிறது. ‘ப்ரெஸ்பிதெர்’ என்னும் இலத்தீன் சொல்லைப் பிரிட்டன் மக்கள் ‘ப்ரெம்தெர்’ என்பர்; அதுவே ஐரிஷில் அவ்வாறு ஆயிற்று என்பது அதன் சாரம். தம் மொழியில் பிறமொழிச் சொல் கலந்திருப்பதைக் கூற அந்நூல் நாணவில்லை. நவீன காலத்தில் இத்துறையில் உழைத்தோருள் டப்ளினில் பிறந்த விட்லி ஸ்டோக்ஸ் ஒருவர். 1862இல் இந்தியாவுக்கு வந்து, 1877 முதல் 1882 வரை வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினராக இருந்தவர் அவர். நம் நாட்டுச் சட்டங்களை ஒரு கையால் வரைந்துகொண்டே, மறுகையால் பழைய ஐரிஷ் ஏடுகளைப் பதிப்பித்தார்.

இலக்கணம் அளித்த குடியுரிமை

வந்த சொல் ஒரு மொழியில் வாடகைக்குக் குடியிருக்கிறதா, வீட்டுக்காரனாகிவிட்டதா என்பதை எப்படி அறிவது? இலக்கணத்தைக் கேட்டால் தெரியும். ‘வசூல்’ என்பது அறபுச் சொல். தமிழில் அது ‘வசூலை’, ‘வசூலுக்கு’ என்று வேற்றுமை ஏற்றதோடு நில்லாமல், ‘வசூலித்தான்’ என்று வினையாகவும் விளைந்துவிட்டது. அதை இனி எவர் வெளியேற்ற முடியும்? க்லானும் அவ்வாறே. பழைய ஐரிஷில் அதனின்று நடுதல், ஊன்றுதல் என்னும் பொருளில் ஒரு வினையும் வழங்கிற்று.

இச்சொல் பெண்பால். இலத்தீனில் ஆகார ஈற்றுப் பெண்பாற்சொல்லாய் இருந்தமையால், ஐரிஷில் அத்தகைய சொற்கள் அடங்கிய வகுப்பிலேயே எளிதாய் இடம்பெற்றது. இன்றைய இலக்கண நூல்கள் இதை இரண்டாம் வேற்றுமைப்பாட்டு வகுப்பில் வைக்கின்றன. எழுவாயில் ‘க்லான்’, உடைமைப் பொருளில் ‘க்லன்யெ’, பன்மையில் ‘க்லன்ன’.

ஐரிஷ் இலக்கணத்தின் தனிச்சிறப்பு என்னவெனில், சொல்லின் ஈறு மட்டுமன்றி முதலும் மாறும். பெண்பாற்சொல்லின் முன் ‘அன்’ என்னும் சுட்டு வந்தால் சொல்லின் முதல் மெய் மென்மையுறும். அப்போது க்லான் என்பதன் ககரம், தொண்டையின் மேற்புறத்தே உரசியெழும் ஒலியாகிறது. தமிழில் இதற்கு எழுத்தில்லை. அறபு நெடுங்கணக்கின் ஏழாம் எழுத்தாகிய ‘கா’வை ஓதப் பழகிய நாவுக்கு அது மிக எளிது. இன்னொரு வியப்பும் உண்டு. ஐரிஷை அதன் மரபான எழுத்துருவில் அச்சிட்ட நாளில், இம்மாற்றத்தைக் காட்டக் ககர எழுத்தின் தலைமேல் ஒரு புள்ளி இட்டனர். அறபிலும் ‘ஹா’வின் தலைமேல் ஒரு புள்ளி இட்டால் ‘கா’ ஆகிறது. ஒன்றையொன்று அறியாத இரு எழுத்து மரபுகள் ஏறத்தாழ ஒரே ஒலிக்கு ஒரே இடத்தில் புள்ளி வைத்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உரோம எழுத்துரு பரவியபோது அப்புள்ளி மறைந்து, அதனிடத்தில் ஹகர எழுத்தைச் சேர்த்தெழுதும் வழக்கம் நிலைபெற்றது.

இம்முதல் மாற்றம் வெறும் அலங்காரமன்று, பொருளைச் சுமப்பது. ஐரிஷில் அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய ஆகிய மூன்றுக்கும் ‘அ’ என்னும் ஒரே சொல்தான். யாருடைய பிள்ளைகள் என்பதை அந்தச் சொல் கூறாது. க்லான் தன் முதலெழுத்தால் கூறும். உரசொலியாக மென்மையுற்றால் அவனுடைய பிள்ளைகள். மாறாமல் வல்லொலியாக நின்றால் அவளுடைய பிள்ளைகள். ‘தங்கம்’ என்ற சொல்லில் நாம் ஒலிக்கும் ககரம் போல் அதிர்ந்தால் அவர்களுடைய பிள்ளைகள். பெற்றோர் யாவர் என்பதைப் பிள்ளையின் முகமே காட்டுவதுபோல, உடையவர் யாவர் என்பதை இச்சொல்லின் முகமே காட்டிவிடுகிறது. அயலிலிருந்து வந்த சொல் இத்தனை நுட்பங்களுக்கும் வளைந்துகொடுக்கிறது என்றால், அதன் குடியுரிமைக்கு வேறு பத்திரம் எதற்கு?

பொருளிலோ இது தொகுதிப்பெயர். இலக்கணத்தில் ஒருமை; கருத்தில் பலர். பெரிய குடும்பம் என்னும்போது ‘பெரிய’ என்ற அடைமொழியும் ஒருமையாகவே, பெண்பாலுக்குரிய மென்மை பெற்று வரும். எண்ணும்போது நமக்கு மிகவும் பழகிய ஒரு வழக்கைக் காண்கிறோம். தமிழில் மூன்று மாடு என்போம்; மனிதரை மட்டும் மூவர், நால்வர் என்போம். ஐரிஷிலும் மக்களை எண்ணத் தனி எண்ணுப்பெயர்கள் உள்ளன. மூவர் ‘த்ரூர்’, அதன்பின் நம் சொல் உடைமை உருவில் வந்து, ‘த்ரூர் க்லன்யெ’ என நிற்கும். மக்களுள் மூவர் என்பது அதன் நேர்ப்பொருள்.

உடையவராதல் என்பதற்குத் தனி வினை ஐரிஷில் இல்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் உண்டு என்று நாம் கூறுவதுபோல, பிள்ளைகள் அவர்களிடத்தில் இருக்கின்றனர் என்றே ஐரிஷ் கூறும். கருவுற்றிருப்பதை ‘க்லான் சுமத்தல்’ என்பர். கணவனும் மனைவியும் மட்டுமுள்ள இல்லத்தைக் குறிக்க வேறு சொல் உண்டு. பிள்ளை பிறந்த பின்னரே அவ்வில்லத்துக்குக் க்லான் வாய்க்கிறது.

குலத்தின் பெயராகி

ஒருவரின் பிள்ளைகள் என்ற பொருள், அவர் வழிவந்த அனைவரும் என்று விரிந்தது. இடைக்காலத்தில் மீத் நாட்டை ஆண்ட அரச மரபு ‘க்லான் கொல்மான்’ எனப்பட்டது. கொல்மான் என்பவரின் மக்கள் என்று பொருள். ஐரிஷ் மக்கள் ஸ்காட்லாந்தில் குடியேறித் தம் மொழியையும் அங்குப் பரப்பினர். அந்நாட்டில் ‘டியர் நூல்’ எனப்படும் பழஞ்சுவடியின் ஓரங்களில் 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கேலிக் குறிப்புகளில், க்லான்களின் தலைவர்கள் குறிப்பிடப்படுகின்றனர். அங்கிருந்து 15ஆம் நூற்றாண்டளவில் இச்சொல் ஆங்கிலத்தில் ஏறிக்கொண்டது. இன்று மானிடவியல் நூல்களில் எந்நாட்டுக் குலத்தைக் குறிக்கவும் ‘கிளான்’ என்கின்றனர்.

இந்த இடத்தில் வரலாறு ஒரு கொடிய சொல்விளையாட்டை ஆடியது. அயர்லாந்தின் வடபகுதியாகிய அல்ஸ்டரில் ஆங்கில ஆட்சியை எதிர்த்து ஒன்பதாண்டுகள் போரிட்டுத் தோற்ற குலத்தலைவர்கள், 1607இல் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றுவிட்டனர். அவர்கள் நிலங்களைப் பறித்த ஆங்கில அரசு, 1609 முதல் இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் குடியேறிகளைக் கொண்டுவந்து அமர்த்தியது. அத்திட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘பிளாண்டேஷன்’, அதாவது நடுதல். ஐரிஷில் அது ‘ப்லண்டால்’.

பாருங்கள்! அதே ‘ப்லாந்தா’ என்னும் இலத்தீன் வேர்தான் மீண்டும் வந்திருக்கிறது. முதன்முறை அது விருந்தினனாக வந்தது; பகரத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைந்து, அவ்வீட்டுப் பிள்ளைகளின் பெயராயிற்று. இரண்டாம் முறை பகரத்தோடும் படையோடும் வந்தது. பிள்ளைகளின் நிலத்தைப் பிடுங்கி வேறு நாற்றுகளை நட்டது. க்லானும் ப்லண்டாலும் ஒரு வேரின் இரு கிளைகள் என்பதை இன்றைய ஐரிஷ் பேச்சில் உணர்வோர் எத்தனை பேர்? ஒன்று தாயின் மடியில் ஒலிக்கிறது; மற்றொன்று வரலாற்றுப் புண்ணின் பெயராய் நிற்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. அயற்சொல் வந்ததனால் ஐரிஷ் மொழி அழியவில்லை. இலத்தீன் வந்தது, வைக்கிங்குகளின் மொழியிலிருந்து சந்தைக்கும் சாளரத்துக்கும் சொற்கள் வந்தன, நார்மானியப் பிரெஞ்சிலிருந்து அறையைக் குறிக்கும் ‘ஷோம்ர’ வந்தது. அனைத்தையும் தன் இலக்கணத்தால் தன்வயமாக்கிக்கொண்டு அம்மொழி தழைத்தே இருந்தது. அதற்குக் கேடு வந்தது வேறு வழியில்.

கழுத்தில் தொங்கிய குச்சி

நிலம் போயிற்று, தலைவர்கள் போயினர், ஆட்சிமன்றத்திலும் நீதிமன்றத்திலும் ஆங்கிலமே அரியணை ஏறியது. 1831இல் அரசு ஏற்படுத்திய தேசியப் பள்ளிகளில் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடத்தப்பட்டன. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் பெரும்பஞ்சம் மூண்டது. ஏறக்குறைய 10 லட்சம் பேர் மாண்டனர். 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்தனர். மாண்டவரிலும் சென்றவரிலும் பெரும்பகுதியினர் ஐரிஷ் பேசிய ஏழைகள். எஞ்சியவர்களுக்கு ஒன்று தெளிவாயிற்று. அமெரிக்காவுக்குப் போகவேண்டுமாயினும், இங்கிலாந்தில் கூலி வேலை செய்யவேண்டுமாயினும், பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும்.

அந்நாட்களில் பல ஊர்களில் பள்ளிச் சிறுவனின் கழுத்தில் ஒரு குச்சியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டனர். ‘பாட்டா ஸ்கோர்’ என்பது அதன் பெயர். அவன் ஐரிஷில் பேசும்போதெல்லாம் குச்சியில் ஒரு வெட்டு. பின்னர் வெட்டுகளை எண்ணி, எண்ணிக்கைக்கு ஏற்ப ஆசிரியர் தண்டனை அளிப்பார். இதில் நெஞ்சைப் பிழியும் செய்தி ஒன்றுண்டு. வீட்டில் பிள்ளை ஐரிஷ் பேசியபோது வெட்டுப் போட்டவர்கள் பெற்றோரே! அவர்கள் பிள்ளையை வெறுத்தவர்களல்லர். அவன் பசியால் சாகக்கூடாது என்ற அன்பே அவ்வாறு செய்யத் தூண்டியது. தம் க்லானைக் காக்க, க்லான் என்ற சொல்லை அதன் காதில் விழாதபடி அவர்கள் காத்தனர்.

விளைவைக் கணக்கெடுப்புகள் கூறுகின்றன. மொழி பற்றி முதன்முதலாக வினவிய 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசுவோர் 15 லட்சத்துக்குச் சற்று அதிகம். 1891இல் அது ஏறக்குறைய 6,80,000. நாற்பதே ஆண்டுகளில் பாதிக்கும் மேல் தேய்ந்துவிட்டது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக எத்தனையோ அயற்சொற்களைச் செரித்துக்கொண்ட மொழி, ஒரு தலைமுறைப் பெற்றோரின் மௌனத்தின் முன் தளர்ந்தது.

1893இல் டக்ளஸ் ஹைடு, ஓயன் மக்நீல் முதலியோர் கேலிக் சங்கத்தை நிறுவி, மொழியை மீட்கும் பணியைத் தொடங்கினர். 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஐரிஷை முதல் ஆட்சிமொழி என அறிவித்தது. மறு ஆண்டு ஹைடு அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார். 1958இல் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் ஒரு பொதுத்தரம் வெளியிடப்பட்டது. 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஐரிஷும் இடம்பெற்றது. எனினும், 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர்கள் ஏறக்குறைய 18,70,000 பேராயினும், கல்விக்கூடத்துக்கு வெளியே அதை நாள்தோறும் பேசுவதாகக் கூறியவர்கள் 72,000 பேருக்குச் சற்றுக் குறைவே. சட்டம் மொழிக்கு அரியணை தரலாம். தொட்டிலைத் தர வீட்டாரால்தான் இயலும்.

அதனால்தான் இன்று அத்தீவின் ஆர்வலர்கள் பள்ளியோடு நில்லாமல், பெற்றோர் தம் பிள்ளைகளோடு வீட்டில் ஐரிஷ் பேசவேண்டும் என்று வற்புறுத்துகின்றனர். மேற்குக் கடற்கரையின் கேல்டாக்ட் ஊர்களில் இன்றும் தாய்மார் ‘என் க்லான்’ என்று சொல்கின்றனர். அப்போது அம்முதல் ககரம் மென்மையுற்று உரசி ஒலிக்கிறது. இலத்தீன் குருவின் நாவில் பிறந்து, பகரம் இழந்து, ஈறு இழந்து, குலத்துக்குப் பெயராகி, உலகைச் சுற்றிய சொல் அங்கே மீண்டும் தன் பழைய இடத்தில், தாயின் வாயில் இருக்கிறது.

நாற்றின் தன்மையே அதுவன்றோ? அது பிறந்த பாத்தி வேறு, வளரும் வயல் வேறு. எந்த ஊர்ப் பாத்தியிலிருந்து வந்தது என்று வயல் கேட்பதில்லை. நீர் பாய்ச்ச ஆளிருந்தால் அது பயிராகிறது. சொல்லும் மொழியும் அப்படித்தான். எங்கிருந்து வந்தது என்பது ஆராய்ச்சியாளனின் வினா. நாளை நம் பிள்ளைகளின் நாவில் இருக்குமா என்பது பெற்றோரின் வினா. முதல் வினாவுக்கு நூல்களில் விடை கிடைக்கிறது. இரண்டாவதற்கு விடை, ஒவ்வொரு வீட்டிலும் இரவு உணவு வேளையில் பேசப்படும் பேச்சில் இருக்கிறது.